புதிய கல்லீரலும் பழைய வைரசும்

மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலை

ஹெபடைடிஸ் பி, சி வைரசுகள் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கி, அதன் மென்திசுவைத் தழும்பாக்கி இறுகச் செய்கின்றன. சிர்ரோசிஸ் எனப்படும் இக்கல்லீரல் சுருக்கம் முற்றி, வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தியும் அறிவு மயக்கமும் தோன்றி, மருந்தாலும் மீளாத நிலையில், உறுப்பை மாற்றுவதே வழியாகிறது. அரிதாக, ஹெபடைடிஸ் பி சில வாரங்களிலேயே கல்லீரலை முற்றாகச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் இருப்பதுபோல், கல்லீரலின் பணியை நெடுங்காலம் ஏற்றுச் செய்யும் கருவி எதுவும் இல்லை.

வைரஸ் திரும்பும் விதம்

தாமஸ் ஸ்டார்ஸல் 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கல்லீரல் மாற்று அறுவையை முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். ஆயினும், அறுவை நுட்பம் தேர்ந்தபின்னும் 1980களில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கல்லீரல் மாற்றப் பல மருத்துவர்கள் தயங்கினர்; தடுப்பு மருந்து இல்லாதபோது ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குத் தொற்று திரும்பியதே காரணம். நோயுற்ற கல்லீரலை அகற்றினாலும் இரத்தத்திலும் பிற திசுக்களிலும் வைரஸ் எஞ்சியிருக்கிறது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்கத் தரப்படும் மருந்துகளோ நோயெதிர்ப்பாற்றலை அடக்கி, அவ்வைரஸ் பெருகவும் இடமளிக்கின்றன.

மீள்தொற்றைத் தடுத்தல்

பழைய கல்லீரல் வெளியே எடுக்கப்பட்டு, புதியது இன்னும் பொருத்தப்படாத இடைவேளையில், உடல் கல்லீரலின்றியே இருக்கிறது. ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதம், வழக்கமாக 10,000 அலகு அளவில், அப்போதுதான் சிரை வழியே ஏற்றப்படுகிறது. இரத்தத்தில் உலவும் வைரசை அது பற்றிக்கொள்வதால், புதிய திசுவுக்குள் வைரஸ் நுழைவது தடைப்படுகிறது. இப்புரதத்தை நீண்டகாலம் தொடர்ந்தால் மீள்தொற்று வெகுவாகக் குறைகிறது என்பதை 1993இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பின்னர் வந்த லாமிவுடின் மாத்திரைக்கு வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு பணியாதிருக்கக் கற்றது. வைரஸ் அவ்வளவு எளிதில் மீற முடியாத என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகியவை இன்று அதன் இடத்தில் உள்ளன. புரதமும் மாத்திரையும் சேரும்போது மீள்தொற்று பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. புரதம் விலை மிகுந்தது என்பதால், சில காலத்துக்குப்பின் அதை நிறுத்தி மாத்திரையை மட்டும் வாழ்நாள் முழுதும் தொடரும் முறையும் பலருக்குக் கைக்கொள்ளப்படுகிறது. நலமாக உணரும் நோயாளி மாத்திரையைத் தாமாக விடுவதே இதில் பெரிய இடர்.

ஹெபடைடிஸ் சி

இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கையில் கல்லீரலை மாற்றினால் அது மீள்வது ஏறக்குறைய உறுதி; இதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஆனால் 2013இல் சோஃபோஸ்புவிர் வந்தபின் நிலைமை தலைகீழானது. அதையொத்த நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் உட்கொண்டால், அறுவைக்கு முன்னரோ பின்னரோ, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்று முற்றிலும் நீங்குகிறது.

கொடையாளியின் கல்லீரல்

முன்பொருகால் ஹெபடைடிஸ் பி வந்து ஆறியவரின் கல்லீரல் நலமாகத் தோன்றினாலும், அதன் செல்களுக்குள் வைரசின் மரபுப்பொருள் உறங்கிக்கிடக்கலாம். கொடையாளியின் இரத்தத்தில் அவ்வைரசின் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டால், அக்கல்லீரலைப் பெறுபவர் அதுவரை ஹெபடைடிஸ் பி அறியாதவராயினும், அவருக்கும் அறுவை நாள் தொட்டே தடுப்பு மாத்திரை தொடங்கப்படுகிறது.