தெரியாததைத் தாண்டிப் போ

விண்டோஸ் 7 ஓடும் கணினியில் கூகுள் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்தப் பதிப்பு வந்தது 2023 ஜனவரியில். கணினி பழுதாகவில்லை, திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கின்றன. இணையத்தின் மொழியோ ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போகிறது. இன்று எழுதப்படும் பக்கத்தை அந்தப் பழைய உலாவி எப்படிப் படிக்கும்?

இதற்கு வலையின் அடித்தளத்திலேயே ஒரு விதி இருக்கிறது: தெரியாததைக் கண்டால் தாண்டிப் போ. பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்.டி.எம்.எல்.லில் அறியாத குறி வந்தால், உலாவி அந்தக் குறியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.ஸில் புரியாத வரியை மட்டும் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் ‘கிரிட்’ முறை 2017 மார்ச்சில் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்தது. அதை அறியாத உலாவியில் அதே செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அழகு குறையும், செய்தி குறையாது.

பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்டிடம் இந்தப் பொறுமை கிடையாது. புரியாத இலக்கணம் ஓரிடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதையும் உலாவி ஒதுக்கிவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பேபல் போன்ற கருவியைக் கொண்டு புதிய இலக்கணத்தைப் பழையதாக மாற்றி அனுப்பலாம். உலாவியில் இல்லாத வசதியை நாமே எழுதிச் சேர்க்கலாம். அதற்குப் பெயர் ‘பாலிஃபில்’. பிரிட்டனில் சுவர் விரிசலுக்குப் பூசும் பட்டி ஒன்றின் பெயர் பாலிஃபில்லா. அதை நினைத்து இந்தப் பெயரைச் சூட்டியவர் ரெமி ஷார்ப் என்ற நிரலாளர்.

ஒரே உலாவியை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் வலை பார்த்திருக்கிறது. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு 2006-இல்தான் வந்தது. பல நிறுவனங்கள் அந்த ஆறாம் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும் பக்கங்களைக் கட்டி, பிறகு அதை விட்டு நகர முடியாமல் தவித்தன. 2011-இல் மைக்ரோசாஃப்டே அதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. ஆகவேதான் இன்று உலாவியின் பெயரைப் பார்க்காமல், குறிப்பிட்ட வசதி அதற்குத் தெரியுமா என்று சோதித்து எழுதுகிறார்கள்.

பழைய உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை; முடிந்தவர்கள் புதுப்பித்துக்கொள்வதே சரி. முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு விண்ணப்பப் படிவத்தை எழுதும்போது, வெறும் எச்.டி.எம்.எல்.லிலேயே அதை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அலங்காரமும் வசதிகளும் அதன்மேல் வரட்டும். அப்போது பழைய கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் விண்ணப்பமும் போய்ச் சேரும்.