வாழைப்பழ பின்னும் உப்புக் காற்றும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கும் எனக்கும் நடுவே போன் மணி அடித்தது. குயிலாப்பாளையத்திலிருந்து தங்கை வீட்டுக்காரர்.

"மச்சான், ஆம்ப்ளிஃபயர் செஞ்சு முடிச்சிட்டேன்!"

"பலே மாப்ளே! பாடுதா?"

"பாடலை. ஊமையா உட்கார்ந்திருக்கு."

'வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்யுங்கள்' என்று யாரோ கிளப்பிவிட்டு, மாப்பிள்ளை மூன்று மாதமாக ஈயப் புகையிலேயே குடித்தனம் நடத்துகிறார். தங்கை என்னைத்தான் சந்தேகப்படுகிறாள். (சந்தேகம் நியாயமானது.) அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

குயிலாப்பாளையம் தெரியுமில்லையா? புதுச்சேரிக்கு வடக்கே, ஈ.சி.ஆரிலிருந்து மேற்கே ஆரோவில் ரோட்டில் திரும்பினால் வருகிற ஊர். செம்மண், முந்திரி, சைக்கிளில் போகும் வெள்ளைக்காரர்கள். பின்பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். அதே கரையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். அங்கே பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். இங்கே பாத்தி கட்டாமலே வீட்டு ஜன்னல் கம்பியில் உப்பு இறங்குகிறது. இந்த உப்பு பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். பளபளவென்று அலுமினியப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், டி.டி.ஏ. 7297 ஐ.சி. போட்ட ரெடிமேட் போர்டு. பக்கத்துக்கு 15 வாட்ஸ். ஹாலுக்கு அது தாராளம். எல்லாம் சரி. பின்பக்கத்தைத் திருப்பினேன். ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற நாலு போஸ்ட்டும் வெறும் உலோகம். நேராகப் பெட்டியில் ஓட்டை போட்டு, நட் போட்டு முறுக்கியிருந்தார்.

"ஏன் மாப்ளே, பிளாஸ்டிக் வாஷர் எங்கே?"

"அது எதுக்கு மச்சான் தண்டச் செலவு? மைனஸ்தானே, பெட்டியைத் தொட்டா என்ன?"

இங்கேதான் பல பேர் விழுகிறார்கள். பழைய காலத்து ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ், கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். பெட்டியில் பட்டாலும் பெரிய சேதமில்லை. இப்போது மலிவாகக் கிடைக்கிற போர்டுகளில் நிறைய, 'பிரிட்ஜ்' வகை. ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டுமே உயிருள்ள முனைகள். பாட்டு இல்லாதபோதும் இரண்டிலும் சப்ளையில் சுமார் பாதி வோல்டேஜ் நிற்கும். அதைக் கிரவுண்டோடு சேர்ந்த பெட்டியில் முட்டினால் நேர் ஷார்ட். நல்லவேளை, 7297-க்குள்ளேயே ஷார்ட் பாதுகாப்பு இருக்கிறது. அது தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. அந்தப் பாதுகாப்பு இல்லாத ஐ.சி.யாக இருந்தால் வாய்க்கரிசிதான்.

நாலு இன்சுலேட்டட் பைண்டிங் போஸ்ட் மாற்றினோம். பாடியது! மாப்பிள்ளை முகத்தில் ஆயிரம் வாட்ஸ். ஆனால் பாட்டோடு கூட இன்னொரு குரலும்... 'ம்ம்ம்ம்ம்'.

"யாரோ முனகுற மாதிரி இருக்கே?" என்றாள் தங்கை.

அது நம்ம மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் ராகம். பாட்டு வருவது கம்ப்யூட்டரிலிருந்து. கம்ப்யூட்டருக்கு மூணு பின் எர்த். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கும் மூணு பின் எர்த். ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் வெளி வளையம் பெட்டியில் பட்டதால், எர்த் ஒயர் வழியாக ஒரு பாதை, ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு பாதை என்று ஒரு வளையமே உண்டாகிவிட்டது. அதில் ஓடுகிற துளி கரண்ட்தான் முனகல்.

"பக்கத்து வீட்டு அண்ணன் அப்பவே சொன்னார் மச்சான், பிளக்கில எர்த் ஒயரைக் கழட்டிடு, சத்தம் போயிடும்னு" என்று மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

நான் போட்ட கூச்சலில் முனகலே ஒரு நிமிஷம் பயந்துவிட்டது.

சத்தம் போகும், வாஸ்தவம். ஆனால் என்றைக்காவது உள்ளே ஒரு ஒயர் நழுவி, 230 வோல்ட் அந்த அலுமினியப் பெட்டியில் பட்டால்? எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால், வால்யூம் வைக்கப் போகிற ஆள் போவார். ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய விஷயம் இது: முனகலுக்கு மருந்து எர்த்தைக் கழட்டுவது இல்லை. ஆர்.சி.ஏ. சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து பிரிப்பதுதான். அதற்கு வேண்டியது, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாஷர் உள்ள சாக்கெட். ஆடியோ கிரவுண்டு, பெட்டியோடு ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர வேண்டும்.

மாற்றினோம். முனகல் அடங்கியது.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. நாங்கள் டீ குடிக்கப் போன நேரம், தங்கை மகன் (வயசு நாலு, சுறுசுறுப்பு நாற்பது) ஸ்பீக்கர் ஒயரைக் கையில் எடுத்திருக்கிறான். ஒரு முனையில் இரட்டை 'பனானா' பின். மறு முனையில் உறை சீவிய வெறும் செம்பு. பின்னைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த 5 ஆம்பியர் பாயிண்டில் செருகிவிட்டான். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது!

எப்படிப் போகும் என்கிறீர்களா? ஒட்டி வருகிற இரட்டை பனானா பின்னின் நடு இடைவெளி முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். நம்ம ஊர் 5 ஆம்பியர் சாக்கெட்டின் லைன், நியூட்ரல் ஓட்டைகளுக்கு நடுவேயும் அதே முக்கால் அங்குலம். பின்னின் கனம் 4 மில்லிமீட்டர். சாக்கெட்டுக்கு உரிய பின் 5 மில்லிமீட்டர். தாராளமாக நுழையும். இதே மாதிரி சுவர் சாக்கெட்டில் பனானா பின் நுழைகிற ஆபத்துக்காகத்தான் ஐரோப்பாவில் விற்கிற ஆம்ப்ளிஃபயர்களின் பின்பக்க ஓட்டைகளைச் சின்ன பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்து அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பாயிண்டின் சுவிட்ச் ஆஃப்பில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற தங்கையின் சிக்கனத்தை இனிமேல் கிண்டல் செய்வதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு. மாப்பிள்ளையும் நானும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில். ஆள் நுழைய இடமில்லாத கடையில், ஆயிரம் டப்பாக்களுக்கு நடுவே கடைக்காரர்.

"இன்சுலேட்டட் கனெக்டர் வேணுங்க."

"எல்லாமே நல்லதுதான் சார்!"

அப்படியெல்லாம் விட முடியுமா? பர்ஸும் பத்திரமாக இருக்க, ஆளும் பத்திரமாக இருக்க, நாங்கள் கடைப்பிடித்த சோதனைகள் இதோ:

காந்தச் சோதனை: சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம். கனெக்டரில் 'டக்'கென்று பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்குவதே சந்தேகம். பித்தளை என்றால் அப்படி ஒட்டாது.

தங்க மயக்கம்: மஞ்சளாக மின்னுவதெல்லாம் கனமான தங்க முலாம் இல்லை. முலாம் மெல்லிசாக இருந்தால் அதன் நுண்ணிய துளைகள் வழியாக உப்பு உள்ளே போய், அடியில் இருக்கிற உலோகத்தை அரிக்கும். நிக்கல் பூசிய கெட்டியான பித்தளை, விலைக்கு ஏற்ற விவேகம். தங்கப் பின்னைத் தகர முலாம் சாக்கெட்டில் செருகாதீர்கள். இரண்டு உலோகத்துக்கும் ஜாதகம் பொருந்தாது.

ஈயச் சோதனை: மட்டமான பிளாஸ்டிக், சால்டரிங் அயர்னைக் கண்டாலே உருகி நடு பின்னைச் சாய்த்துவிடும். ஒன்று கூடுதலாக வாங்கி முதலில் அதில் ஈயம் வைத்துப் பாருங்கள். ஈயம் வைக்கும்போது ஜோடி பிளக்கைச் செருகியே வைத்தால் பின் நேராக நிற்கும்.

மீட்டர் சோதனை: மாட்டி முடித்ததும், உள்ளே ஒயர் இணைக்கும் முன், மல்டிமீட்டரில் ஒரு முனை பெட்டியில், ஒரு முனை கனெக்டரில். 'பீப்' வந்தால் இன்சுலேஷன் பேரளவுக்குத்தான். எர்த் ஒயருக்கு மட்டும் நேர்மாறு. அது கட்டாயம் 'பீப்' அடிக்க வேண்டும்.

கலர் சோதனை: உள்ளே மெயின்ஸ் ஒயருக்கு, முழுக்க உறை போட்ட லக். சிவப்பு உறை 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் அதற்கு மேல். கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தினால், உள்ளே காற்றே புகாது. காற்று புகாத இடத்தில் உப்புக்கு என்ன வேலை?

ஸ்பீக்கருக்கு? குழந்தைகள் இருக்கிற வீட்டில் பனானா பின்னே வேண்டாம். அழுத்தினால் வாய் திறக்கிற ஸ்பிரிங் டெர்மினல், அல்லது கவட்டை லக் வைத்து முறுக்குகிற போஸ்ட் போதும். கோயில் விழா, கல்யாணம் என்று வெளியே எடுத்துப் போகிறவர்கள், செருகித் திருகுகிற 'ஸ்பீக்கான்' வகையைப் பார்க்கலாம். அதன் உலோகம் விரலில் படாது, சுவர் சாக்கெட்டில் நுழையவும் நுழையாது.

கடைசியாக, உப்பு. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகிற வழியில், களிம்பேறிய ஒரு முனை 1 ஓம் தடை போட்டால், போகிற பவரில் 9-ல் ஒரு பங்கு அந்த முனையிலேயே வீணாகச் சூடாகும். கரகர சத்தம் இலவசம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கனெக்டர்களை நாலு தடவை கழற்றி மாட்டுங்கள். அந்த உரசலே பாதி அழுக்கை எடுத்துவிடும்.

மொத்தச் செலவு? எங்கள் இருவரின் பஸ் கட்டணத்தைவிடக் குறைவு. 'தண்டச் செலவு' என்று மாப்பிள்ளை ஒதுக்கிய வாஷர்கள், அதில் ஒரு டீக் காசுகூட இல்லை.

இப்போது குயிலாப்பாளையத்தில் ஆம்ப்ளிஃபயர் சுத்தமாகப் பாடுகிறது. போன வாரம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அடுத்த தடவை ரிச்சி தெரு போனா இன்னும் ஒரு இன்சுலேஷன் வாங்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"உன் மாப்பிள்ளை காதுக்குத்தான்! எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இன்னும் பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்கார். நான் வந்து ஷாக் கொடுக்கறதுக்குள்ளே மாட்டிடு!"