டிக்கெட்டே வேண்டாத ஆசிய அதிசயங்கள்... தெரியுமா?

ஆசிய நகரங்களைச் சுற்றிப் பார்க்கக் கட்டுக்கட்டாகப் பணம் வேண்டுமா? விமானத்துக்கும் அறைக்கும் செலவுதான். ஆனால், வாயைப் பிளக்க வைக்கும் பல அதிசயங்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது! அவை அந்தந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்டவை. அவர்களுடைய நேரமும் வழக்கமும் தெரிந்தால் போதும், நமக்கும் கதவு திறந்திருக்கும்!

*ஹாங்காங்: மலையேறும் எஸ்கலேட்டர்!*
சென்ட்ரல் பகுதியிலிருந்து மிட்-லெவல்ஸ் குடியிருப்புகள் வரை மலைச்சரிவில் எஸ்கலேட்டர்கள் வரிசையாக ஏறுகின்றன, தெரியுமா? மொத்தம் சுமார் 800 மீட்டர் நீளம், 1993-ல் திறந்தார்கள். மேலே குடியிருப்பவர்கள் கீழே வேலைக்கு வர வேண்டுமே! அதனால் காலை 6 முதல் 10 மணி வரை கீழ்நோக்கி மட்டுமே ஓடும். பிறகு திசை மாறி, நள்ளிரவு வரை மேல்நோக்கி! நீங்கள் 10 மணிக்கு மேல் போங்கள். கால் வலிக்காமல் ஏறலாம். நடுநடுவே இறங்கிக் கடைத்தெருக்களையும் பார்க்கலாம்.

*சோல்: சாலையை இடித்து மீட்ட ஓடை!*
மேம்பாலம் கட்ட ஓடையை மூடுவார்கள். ஓடைக்காக மேம்பாலத்தையே இடித்த நகரம் தெரியுமா? தென்கொரியத் தலைநகர் சோல்! கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்த சோங்யேசோன் ஓடை 2005-ல் மறுபடி வெயிலைப் பார்த்தது. நகரின் நட்டநடுவில் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்குத் தண்ணீரை ஒட்டியே நடக்கலாம்! இதே நகரில், கொரியர்களின் மரபு உடையான ஹான்போக்கை அணிந்து போனால், 1395-ல் எழுந்த கியோங்போக்குங் அரண்மனைக்கும் கட்டணமில்லை. வாடகைக்கு உடை தரும் கடைகள் பக்கத்திலேயே உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அரண்மனைக்கு விடுமுறை!

*கியோட்டோ: இரவிலும் மூடாத கோயில்!*
ஜப்பானின் ஃபுஷிமி இனாரி கோயிலில், மலைப்பாதை நெடுகச் செந்நிற வாயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன! அத்தனையும் காணிக்கை. இனாரி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். தொழில் செழிக்க வேண்டி நிறுவனங்களும் வியாபாரிகளும் நட்டவை. பின்பக்கம் திரும்பிப் பாருங்கள், கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும்! இரவு பகல் எந்நேரமும் போகலாம். விடியற்காலையில் போனால் நெரிசல் இல்லை.

*பாங்காக்: திருவெம்பாவை ஒலிக்கும் ஊர்!*
சுதாட் புத்தர் கோயில் வாசலில், நட்ட நடுத்தெருவில், 20 மீட்டருக்கும் மேல் உயரமான சிவப்பு ஊஞ்சல் சட்டம் நிற்கிறது! தேக்கு மரத்தூண்கள். முன்பெல்லாம் இதில் வானத்தை எட்டும்படி ஆடி, கம்பத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். ஆபத்தான அந்த ஆட்டம் 1935-க்குப் பிறகு நடக்கவில்லை. விழாவின் பெயர் தெரியுமா? திரியம்பவாய்! ஆம், நம் மார்கழித் திருவெம்பாவையேதான். ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. தாய்லாந்து அரசவை அந்தணர்கள் அந்தப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் காத்து வருகிறார்கள். ஊஞ்சலைத் தெருவில் நின்றே பார்க்கலாம். இந்த ஊரின் அரண்மனைக்கும் கோயில்களுக்கும் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்!

*கோலாலம்பூர்: குகைக்குள் குமரன்!*
பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன்! 2006-ல் எழுந்த சிலை. சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் கோயில் அமைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தைப்பூசம் நடக்கிறது. ஏற 272 படிகள், 2018 முதல் வானவில் நிறத்தில்! நகரிலிருந்து கொமுட்டர் ரயில் வாசலிலேயே கொண்டுபோய் விடும். வெயில் ஏறுமுன் படியேறுங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்!

*சிங்கப்பூர்: வரலாற்றை மாற்றிய பூங்கா!*
1859-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பிரேசிலைச் சேர்ந்த ரப்பர் மரம் லண்டன் வழியாக 1877-ல் இங்கே வந்து சேர்ந்தது. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ஹென்றி ரிட்லி கண்டுபிடித்தார். அதன்பின் மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டங்கள்! பால் வெட்டக் கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். இவ்வளவு பெரிய கதை ஒரு பூங்காவில்! அதிகாலை 5 முதல் நள்ளிரவு 12 வரை இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம்.

புறப்படும் முன் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வோர் ஊரிலும் எது எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறையும், எந்த உடை தேவை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் மிச்சமான பணத்துக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள்!