சூறைக்காற்றில் கேரவன் வண்டியின் ஜாக்கியை நம்பலாமா?

கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வு எடுக்கும் வண்டி என்றுதான் பலரும் நினைப்பார்கள். இன்று அது வாடகைக்கும் கிடைக்கிறது. மராட்டிய அரசு 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. மாதுங்காவிலோ செம்பூரிலோ வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், பாட்டி முதல் பேரன் வரை ஏறிக்கொண்டு, கொங்கண் கடற்கரையோரம் இரவு தங்கி வரலாம்.

ஆனால் படுக்கும் முன்பு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் உள்ள நான்கு ஜாக்கிகள்!

ஜாக்கி எதற்கு?

மேடு பள்ளமான தரையில் வண்டியை மட்டமாக நிறுத்தவும், உள்ளே நடக்கும்போது ஆட்டம் இல்லாமல் இருக்கவும்தான் இந்த ஜாக்கிகள். அவை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. காற்றோ பக்கவாட்டில் தள்ளுகிறது. அதிகமாக நீட்டிய ஜாக்கி, பக்கவாட்டு அழுத்தத்தில் வளைந்துவிடக்கூடும்.

24 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று பக்கவாட்டில் மோதினால், சுமார் 240 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதாவது 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 1 டன்!

இந்த வேகம் மும்பைக்குப் புதிது அல்ல. 2021 மே 17-ந்தேதி டவ்தே புயல் கடந்து சென்றபோது, கொலாபாவில் 114 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 2024 மே 13-ந்தேதி அடித்த புழுதிப் புயலில், காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் பலியானார்கள். மழைக்கு முந்தைய சூறைக்காற்று சில நிமிடங்களில் வந்துவிடும்.

நிறுத்தும்போது கவனம்

முதலில் இடம். மரத்தடியும் விளம்பரப் பலகையின் அடியும் கூடவே கூடாது. கட்டிடத்தின் மறைவு நல்லது. காற்று வரும் திசை தெரிந்தால், வண்டியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும்.

கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும். அடியில் அகலமான தடித்த பலகை வேண்டும். கடற்கரை மணலிலும் மழையில் நனைந்த மண்ணிலும், பலகை இல்லாத ஜாக்கி புதைந்து வண்டி ஒரு பக்கம் சாயும்.

ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தால் போதும். சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் கை பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் நின்றால் பிரேக் இருந்தும் பயன் இல்லை. சக்கரம் எழும்பினால்தான் மட்டம் வரும் என்றால், வேறு இடம் பார்ப்பதே மேல்.

காற்று எழும்பினால்...

வெளியே விரித்த பந்தல் துணியை முதலில் சுருட்ட வேண்டும். அது பாய்மரம்போல் காற்றை வாங்கும். வெளியே இழுத்து விடும் அறை இருந்தால் அதையும் உள்ளே தள்ள வேண்டும்.

ஜாக்கி கொஞ்சமே நீண்டு, சக்கரங்களிலும் பாரம் இருந்தால், மிதமான காற்றில் அது ஆட்டத்தைக் குறைக்கும். அதிகம் நீண்டிருந்தால், காற்று வலுக்கும் முன்பே உள்ளே இழுத்து, வண்டியைச் சக்கரங்களின்மேல் தாழ நிறுத்துவது நல்லது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றால் பரவாயில்லை. ஓர் இரவு தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது ஜாக்கியில் கை வைக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

வானிலை நிலையம் புயல் எச்சரிக்கை விடுத்தால், ஜாக்கியைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. காற்று வரும் முன்பே புறப்பட்டுவிட வேண்டும். ஜாக்கி முழுவதும் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். நேரம் தவறிவிட்டால் உயரமான வண்டியைக் காற்றில் ஓட்டுவது இன்னும் ஆபத்து. அப்போது பெரியவர்களையும் குழந்தைகளையும் இறக்கி, பக்கத்தில் உள்ள உறுதியான கட்டிடத்துக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும்.

வண்டி போனால் இன்னொரு வண்டி வாங்கலாம். உயிரை எங்கே போய் வாங்குவது?