காக்காவைத் தாத்தா என்ற பிள்ளை

போன தீபாவளிக்கு அலோர் காஜாவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கம்பியில் வந்து உட்கார்ந்த பறவையைக் காட்டி அவன் மகன், "அத்தை, தாத்தா!" என்றான். வீடே சிரித்தது. நாற்காலியில் இருந்த நிஜத் தாத்தாவும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு அன்று முழுவதும் பையன் வாயே திறக்கவில்லை.

அந்த மௌனம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு 'ர' வராது. ரப்பர் தோட்டத்தில் பிறந்துவிட்டு 'லப்பர்' என்று சொன்னால் சும்மா விடுவார்களா? பாட்டி வசம்பை உரைத்து நாக்கில் தடவினார். ஏழு வயதில் தானாக வந்தது. பேர் வசம்புக்குப் போனது. இன்று எனக்குச் சோறு போடுவதே இந்த வாய்தான்.

ஆனால் 'ர' தாமதமாக வருவது வேறு, ஐந்து வயதில் 'க' வராமலிருப்பது வேறு.

நுரையீரல் காற்று மேலே வரும்போது குரல்வளையில் இருக்கும் இரண்டு மடிப்புகள் அதிர்கின்றன. தொண்டையில் விரல் வைத்து 'ஆ' சொல்லிப் பாருங்கள், தெரியும். மேலே வரும் காற்றை எழுத்தாக்குவது நாக்கும் உதடும் அண்ணமும். 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தை அடைக்கும். 'த'வுக்கு நுனி மேற்பல்லைத் தொடும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதையெல்லாம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. மீடியா படிக்கப் போன பிறகுதான் நான் அதைத் திறந்து பார்த்தேன்!

பையனின் நாக்கு எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுகிறது. மலாயில் பூனையும் 'கூச்சிங்' இல்லை, 'தூச்சிங்'தான். இரண்டு மூன்று வயதில் இது சகஜம். நான்கு வயதில் பிள்ளை பேசுவது வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும்.

"அண்ணி, தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேசச் சொல்றாங்க. மூணு மொழி கேட்டுக் குழம்புறானாம்" என்றாள் தம்பி மனைவி. எனக்குக் கோபம் வந்தது. பல மொழி கேட்டு வளர்வதால் இந்தக் கோளாறு வருவதில்லை. தமிழை நிறுத்தினால் அவன் பாட்டியோடு பேசுவது நிற்கும், அவ்வளவுதான்.

முதலில் காதைப் பார்க்க வேண்டும். நடுக்காதில் நீர் தேங்கினாலே ஒலிகள் மங்கிக் கேட்கும். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். காது நன்றாக இருந்தது. நாக்கும் ஒட்டியிருக்கவில்லை. நாக்கின் அடியில் வெட்டிவிட்டால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குத்தான் ஏமாற்றம்.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். 'கோப்பி', 'தோப்பி' என்று இரண்டு படங்களை வைப்பார். பையன் காப்பியைக் கேட்க நினைத்து 'தோப்பி' என்பான்; அவர் தொப்பியை எடுத்து நீட்டுவார். கேட்டது கிடைக்கவில்லையே என்று விழிப்பான். ஓர் ஒலி மாறினால் பொருளே மாறும் என்பது அங்கேதான் அவனுக்கு உறைத்தது.

இந்தத் துறையில் பட்டப்படிப்பை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1995-இல்தான். தமிழில் பயிற்சி தருபவர்கள் இன்னும் குறைவு. அதனால் தமிழ்ப் படங்களைத் தம்பி மனைவியே வரைந்தாள்: காய், தாய், கட்டு, தட்டு. தினமும் இரவில் பத்து நிமிடம். சிரிப்பதும் இல்லை, 'திரும்பச் சொல்லு' என்று விரட்டுவதும் இல்லை. அவன் தவறாகச் சொன்னால், "ஆமாம்பா, காக்கா!" என்று இவள் சரியாகச் சொல்வதோடு சரி.

போன வாரம் போனில் என்னிடம், "அத்தை, காத்தா!" என்றான். பாதி வந்துவிட்டது.