'பங்காளி' என்றொரு சொல்: லோமேயிலிருந்து சமோவா வரை

வர்த்தக ஒப்பந்தங்களைப் பொருளாதார நிபுணர்களிடம் விட்டுவிட்டு நாம் இலக்கியம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவையும் பிரதிகள்தாம். யாருடைய குரல் பேசுகிறது, யாருடையது அமுக்கப்படுகிறது என்று அவற்றிடமும் கேட்கலாம் என நினைக்கிறேன்.

1975 பிப்ரவரியில் டோகோவின் தலைநகர் லோமேயில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் 9 நாடுகளும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46ம் கையெழுத்திட்டன. பின்னவை பெரும்பாலும் முன்னாள் காலனிகள். அவற்றின் சரக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குள் சுங்கமின்றிப் போகலாம். பதிலுக்கு அதே சலுகை தர வேண்டியதில்லை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 'ஸ்டாபெக்ஸ்' நிதி ஈடுகட்டியது கோக்கோ, காப்பி, நிலக்கடலை போன்ற விளைபொருள்களின் ஏற்றுமதி இழப்பை. கச்சாப்பொருள் விற்றவன் அதையே விற்றுக்கொண்டிருக்கத் தோதான ஏற்பாடு. லோமேயை இழந்த சொர்க்கமாகப் பார்க்கும் ஏக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

2000இல் பெனினின் கோட்டனூ நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் சொல்லாடலை மாற்றியது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளைக் காட்டி, ஒருவழிச் சலுகை 2007 இறுதியோடு முடியும், இனி இருவழித் திறப்பு என்றது. வட்டாரம் வட்டாரமாகப் பேசவேண்டிய அவற்றுக்குப் பெயர், பொருளாதாரப் பங்காளி ஒப்பந்தங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது என்ன? லோமே கண்ட அதே 1975இல் பிறந்தது அங்குள்ள எக்கோவாஸ் கூட்டமைப்பு. அதன் மிக வறிய நாடுகளுக்கு 2001இலிருந்தே 'ஆயுதம் தவிர அனைத்தும்' திட்டத்தில் சுங்கமில்லை, கையெழுத்திட அவசரமில்லை. நைஜீரியா விற்பது முக்கியமாக எண்ணெய்; சுங்க மிரட்டல் அதை உறுத்தாது. உள்நாட்டுத் தொழில் அழியுமென்று மறுத்துவிட்டது. மாட்டிக்கிட்டது கானாவும் ஐவரி கோஸ்ட்டும். உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் இவ்விரு நாடுகளின் சிறு விவசாயிகள் விளைவிப்பது. கோக்கோ கொட்டைக்கு ஐரோப்பாவில் எப்படியும் சுங்கமில்லை. உள்ளூரிலேயே அரைத்து விழுதாகவோ வெண்ணெயாகவோ அனுப்பினால், ஒப்பந்தம் இல்லாதவனுக்குச் சுங்கம் உண்டு. அதாவது தண்டனை உழைப்பின் அடுத்த படிக்கு. 2016 அக்டோபர் என்று கெடு வைத்தார்கள். அவ்வாண்டே இரண்டும் தனித்தனி இடைக்கால ஒப்பந்தங்களுக்குள் போயின.

எக்கோவாஸ் 2015இல்தான் பொதுச் சுங்கவரியைக் கொண்டுவந்திருந்தது. மறு வருஷமே அந்தச் சுவரில் ரெண்டு தனி வாசல். வட்டார ஒருங்கிணைப்பு என்று பேசிய பிரதி வட்டாரத்தைப் பிளந்தது.

2023இல் சமோவாவில் கையெழுத்தாகி, கோட்டனூவின் இடத்துக்கு வந்ததும் 'பங்காளி' ஒப்பந்தமே. நம்ம ஊரில் பங்காளி என்றால் ஒரே சொத்தில் பாத்தியதை உள்ளவன். பங்கு குறைஞ்சா வரப்பிலேயே சண்டைக்கு நிற்பான். அந்த உரிமை கோக்கோ விவசாயிக்கு எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது? அடுத்த ஒப்பந்தம் எதை நாம் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.