குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள்



கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவரைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், கைபேசியில் வந்து குவியும் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற அழைப்புகளுக்குள் நம்மில் எத்தனை பேர் கை விட்டுப் பார்க்கிறோம்?

நம் மலை மாவட்டத்தில் இந்த ஆசை எழுவது குற்றமன்று. பசுந்தேயிலை விலை சரிந்தால் சிறு விவசாயியின் அடுப்பு தளர்கிறது. சீசன் முடிந்தால் ஊட்டியில் வண்டி ஓட்டுபவருக்கும் விடுதி ஊழியருக்கும் வருவாய் சுருங்குகிறது. படித்த பெண்மக்களைக் கோவைக்கு வேலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். இணையவழி வாணிபமும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. குன்னூரில் 2003-ஆம் ஆண்டிலேயே ‘டீசர்வ்’ மூலம் கணினிவழித் தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. அங்கே பொருள் உண்டு, வாங்குபவர் முன்னதாகவே மாதிரியைச் சுவைத்துப் பார்க்கிறார், விலையும் வெளிப்படை.

இனி, மலையடிவாரத்தில் உள்ள கோவைக்கு வருவோம். கைபேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று கூறிய ‘மைவி3 ஆட்ஸ்’ நிறுவனத்தின் மீது 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிந்தது. பணம் கட்டி உறுப்பினராவதும், கட்டும் தொகைக்கேற்ப வருவாய் கூடுவதும், பிறரைச் சேர்த்தால் மேலும் கிடைப்பதும் அதன் முறை. வழக்கைக் கண்டித்து, நிறுவனத்திற்கு ஆதரவாக நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விளம்பரம் கொடுப்பவன், பொருளை வாங்கும் எண்ணமே இல்லாமல் காசுக்காகத் திரையைப் பார்ப்பவருக்கு எதற்காகப் பணம் தருவான்? பின்னால் சேர்ந்தவர் கட்டியதுதான் முன்னால் சேர்ந்தவரின் கைக்கு வருகிறது என்றால், அங்கே வாணிபமே இல்லை. இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டுச் சட்டம் 1978-லேயே தடை செய்துவிட்டது.

இதைவிடக் கொடியது ‘டாஸ்க்’ மோசடி. டெலிகிராமில் அழைப்பு வரும். காணொளிக்கு ‘லைக்’ போட்டால் முதல் நாளே நூறு, இருநூறு ரூபாய் உண்மையிலேயே கிடைக்கும். அது தூண்டில் புழு. பிறகு முன்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் இலாபம் இலட்சமாக வளரும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். திரையில் தெரிவது பணமன்று, வெறும் எண்.

இன்னொன்றைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். ‘உன் வங்கிக் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்பவனிடம் கணக்கைக் கொடுத்தால், எவரிடமோ திருடிய பணம் அதன் வழியே பாயும். அந்தக் கமிஷன் ஹராம் என்பதில் ஐயமில்லை. கணக்கு முடக்கப்படும், கல்வி உதவித்தொகைகூட அதனுள் சிக்கிக்கொள்ளும், விசாரணையும் வரும். கணினி வேலை என்று நம்பி வெளிநாடு சென்றவர்களின் நிலை இன்னும் துயரமானது. மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில்தான் மீண்டு வந்தார்கள்.

அப்படியானால் இணையத்தில் நேர்மையான வேலையே இல்லையா? உண்டு, ஆனால் மெதுவானது. யூடியூபில் விளம்பரப் பங்கு பெறவே 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு.) அதன் பிறகும் எத்தகைய விளம்பரம் வருகிறது என்ற கவலை மீதமிருக்கும். மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல், வடிவமைப்பு போன்றவற்றில் உலகம் முழுவதும் உள்ளவர்களோடு போட்டியிட வேண்டும். முதல் வேலை கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். தைக்கத் தெரிந்த சகோதரி தம் தையலை வாட்ஸ்அப்பில் காட்டி விற்பது இவை எல்லாவற்றையும்விட எளிது என்பது என் கருத்து. வேலை தருபவர் நம்மிடமே முதலில் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் வெட்கத்தால் மறைக்கிறார்கள். கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து மீண்டும் கட்டுகிறார்கள். உங்கள் மகனோ மகளோ வந்து சொன்னால் அப்போது ஏசாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வங்கிக் குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அவை தேவைப்படும்.